ட்ரெமோலோ பிக்கிங்: சரளி வரிசையை வைத்தே பழகலாம்

ஒரே கம்பியில் பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) மேலும் கீழும் விடாமல் வேகமாக ஓட்டுவதுதான் ட்ரெமோலோ பிக்கிங். மாண்டலினில் இது கிட்டத்தட்ட கட்டாயம். அதன் கம்பியில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். ஸ்வரத்தை நீட்ட வேண்டுமானால் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டாலே ஒலி நின்று பேசும். இங்கே ட்ரெமோலோ வேண்டியிருப்பது அந்தத் துடிப்புக்காக. சர்ஃப் இசையிலும் பிளாக் மெட்டலிலும் காதில் விழுவது அதுதான். 1992இல் சிங்கப்பூரில் தொடங்கி, வேத மந்திரங்களை மெட்டலோடு சேர்த்த ருத்ரா போன்ற குழுக்களின் இசை பிடித்தவர்களுக்கு இந்த ஓசை பழக்கமானதுதான்.

புதிதாகப் பழகுபவர்கள் பொதுவாக தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஐந்து ஐந்தாக ஏற்றிக்கொண்டு போவார்கள். நூறைத் தாண்டியதும் கை இறுகி நின்றுவிடும். பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தி முயல்வார்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. மெதுவாக மீட்டும்போது ஒவ்வொரு வீச்சையும் தனித்தனியாகத் தள்ளுகிறோம். வேகமாக மீட்டும்போது கை தானாக ஊசலாட வேண்டும். முதல் அசைவை எவ்வளவு வேகப்படுத்தினாலும் அது இரண்டாவது அசைவாக மாறாது. அதனால் வேகமான அசைவை முதலில் கண்டுபிடித்து, பிறகு அதைத் தாளத்துக்குள் கொண்டுவருவதே சரியான வரிசை.

முதல் படி: பிக்கும் பிடியும்

1 மில்லிமீட்டரிலிருந்து 1.5 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள பிக் வாங்குங்கள். மெல்லிய பிக் கம்பியில் பட்டு வளைந்து, நிமிர்வதற்குள் அடுத்த வீச்சு வந்துவிடும்; ஒலி கொழகொழவென்று இருக்கும். சிங்கப்பூரில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் கிட்டார் கடைகளுக்குப் போனால், வெவ்வேறு தடிமனில் மூன்று நான்கு வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அதிகச் செலவில்லாத சோதனை இது.

ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் பிக்கை வைத்துக் கட்டைவிரலால் மூடுங்கள். முனை 3 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியட்டும். அதிலும் கம்பிக்குக் கீழே இறங்குவது 1 மில்லிமீட்டர் போதும். பிக் கம்பிக்கு இணையாகத் தட்டையாக இருந்தால் சிக்கும். ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் எனும் உலோகக் கட்டைகள் பதித்த கழுத்துப் பலகை) பக்கத்து விளிம்பு தரையை நோக்கி 20, 30 டிகிரி சாய்ந்தால் வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு மேல் சாய்த்தால் கரகரவென்ற உரசல் ஒலி வந்து, ஸ்வரம் மங்கிவிடும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் கட்டைவிரல் வியர்த்து பிக் சுழல்வது சகஜம். அதைத் தடுக்க இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டும் சேர்ந்து இறுகும். பிடிக்கும் இடத்தில் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள், அல்லது சொரசொரப்பான பிடியுள்ள பிக்காகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாம் படி: அசைவைத் தேடுதல்

மெட்ரோனோம் வேண்டாம், ஆம்பும் (ஒலிபெருக்கி) வேண்டாம். இடது கையை எல்லாக் கம்பிகள் மேலும் லேசாகப் போட்டு ஒலியை அடக்குங்கள். இரண்டாவது கம்பியில் மூன்று விநாடி மட்டும், நினைத்த வேகத்தில், ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படாமல் மீட்டுங்கள். நிறுத்துங்கள். கையை உதறிவிட்டு மறுபடியும்.

இதை இரண்டு விதமாகச் செய்து பாருங்கள். ஒன்று, மணிக்கட்டைப் பக்கவாட்டில் ஆட்டுவது. மற்றொன்று, பூட்டில் சாவியைத் திருகுவதுபோல முன்னங்கையைச் சுழற்றுவது. எதில் கை இலகுவாக ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை விறைத்துக்கொண்டு அதிரவிடுவதும் வேகம் தரும். ஆனால் பத்து விநாடியில் முன்னங்கை எரியும், நிதானமும் போய்விடும். தொடக்கத்தில் அதைத் தவிருங்கள். எரிச்சலோ வலியோ வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்த வேண்டும்.

கைத்தொலைபேசியில் ஸ்லோ மோஷன் வைத்துப் படம்பிடித்துப் பாருங்கள். பிக் முனை போய்வரும் மொத்தத் தூரம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கைத்தொலைபேசி என்றால், விநாடிக்கு எட்டு வீச்சு மீட்டும்போது ஒவ்வொரு வீச்சுக்கும் 30 ஃபிரேம் கிடைக்கும். கீழ் வீச்சு ஆழமாகவும் மேல் வீச்சு நுனியளவாகவும் போவது அதில் அப்பட்டமாகத் தெரியும். குதிரைக் குளம்படி போல ஒலி நொண்டுவதற்கு இதுதான் காரணம். மேல் வீச்சில் தொடங்கிச் சில நாள் பழகினால் இரண்டும் சமப்படும்.

மூன்றாம் படி: துண்டு துண்டாகத் தாளத்துக்குள்

மெட்ரோனோமை 120இல் வையுங்கள். தட்டுக்கு நான்கு வீச்சு, அதாவது விநாடிக்கு எட்டு. ஒரே ஒரு தட்டு மீட்டி, அடுத்த தட்டின் கீழ் வீச்சில் நிறுத்துங்கள்: மொத்தம் ஐந்து வீச்சு. இரண்டு தட்டு ஓய்வு. இது சுத்தமாக வந்தபின் இரண்டு தட்டு, ஒன்பது வீச்சு. பிறகு நான்கு தட்டு, பதினேழு வீச்சு. கடைசி வீச்சு தட்டின் மேல் சரியாக விழுகிறதா என்பதே சோதனை. 120 கடினமென்றால் 100க்கு இறங்குங்கள். 60க்கு இறங்காதீர்கள், பழைய தள்ளும் அசைவு திரும்பிவிடும்.

நான்காம் படி: இடது கை

கர்நாடக சங்கீதம் தொடங்கியவர்களுக்குக் கையில் ஏற்கெனவே பாடம் இருக்கிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த சரளி வரிசையை (தொடக்க ஸ்வரப் பயிற்சி) ஒரே கம்பியில் வாசிக்கலாம். முதல் கம்பியை விரல் வைக்காமல் திறந்து மீட்டினால் ச. ரி முதல் ஃப்ரெட், க நான்கு, ம ஐந்து, ப ஏழு, த எட்டு, நி பதினொன்று, மேல் ச பன்னிரண்டு. ரியிலிருந்து கவுக்கும், தவிலிருந்து நிக்கும் மூன்று ஃப்ரெட் தாவல். கைகள் ஒத்துப்போகின்றனவா என்பது அங்கேதான் தெரியும். 1962இல் சர்ஃப் கிட்டார் கலைஞர் டிக் டேல் ஆறாவது கம்பியில் அதிரவிட்ட 'மிசிர்லூ' மெட்டு தொடங்குவதும் இதே ஸ்வர இடைவெளிகளில்தான்.

வலது கையின் வேகத்தை 100இல் நிலையாக வைத்து, மூன்று காலங்களையும் (வேகங்களையும்) இடது கையால் மட்டும் மாற்றுங்கள். முதல் காலத்தில் ஸ்வரத்துக்கு எட்டு வீச்சு, இரண்டாம் காலத்தில் நான்கு, மூன்றாம் காலத்தில் இரண்டு. வலது கைக்கு எந்த மாற்றமும் தெரியவே கூடாது. ஒவ்வொரு ஸ்வரமும் கீழ் வீச்சில் தொடங்கும். அந்த முதல் வீச்சுக்கு மட்டும் சற்று அழுத்தம் கொடுங்கள். புது ஸ்வரத்தின் முதல் வீச்சு 'டொக்' என்று செத்து ஒலித்தால் இடது விரல் பிந்துகிறது. மாறுவதற்கு முன் திறந்த கம்பியின் ஒலி எட்டிப்பார்த்தால் விரல் முந்தி எழுகிறது. மூன்றாம் காலம் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

ஆம்ப், இரைச்சல், கம்பி

டிஸ்டார்ஷன் இல்லாமல் பழகி, பிறகு பிரிட்ஜ் பிக்கப்பில் (பிரிட்ஜ் பக்கத்து ஒலி உணரி) கெய்னை (டிஸ்டார்ஷன் அளவு) பத்துக்கு நான்கில் வையுங்கள். கெய்னும் ரிவெர்பும் (எதிரொலி விளைவு) ஏறினால் நொண்டும் வீச்சுகளை மறைத்துவிடும். கேட்க நன்றாக இருக்கும், கை மட்டும் திருந்தாது. வலது உள்ளங்கையின் ஓரத்தால் தடித்த கம்பிகளை மூடிவையுங்கள், இல்லாவிட்டால் அவை தாமாக உறுமும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு பத்தரைக்கு மேல் ஹெட்ஃபோன்தான். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடையுங்கள். துருப்பிடித்த கம்பி பிக்கின் விளிம்பை அரித்து, உரசல் ஒலியைக் கூட்டும்.

அடுத்து இரண்டு கம்பிக்குப் போகலாம். மேல் வீச்சு முடியும்போது பிக் கம்பிகளின் தளத்தைவிட்டு வெளியே வரும்படி உள்ளங்கையை உங்கள் முகத்தை நோக்கி இம்மியளவு திருப்பிவையுங்கள். ஸ்வரத்துக்கு இரட்டைப்படை வீச்சு என்பதால் ஒவ்வொரு ஸ்வரமும் மேல் வீச்சில்தான் முடியும். பிக் ஏற்கெனவே வெளியே இருப்பதால் பக்கத்துக் கம்பியில் இடறாமல் அடுத்த கீழ் வீச்சு விழும்.