வாசல் கதவுக்கு நிறம் தெரிவு செய்வது எப்படி? திருகோணமலை வீடுகளுக்கு ஒரு செய்முறை

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்ததில் இருந்து, வருகிறவர்கள் எல்லாரும் அந்த நிறத்தின் பெயரைக் கேட்கிறார்கள். பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதே பேணியை வாங்கிக்கொண்டு போய் உங்கள் கதவில் அடித்தால் வேறு நிறமாகத்தான் தெரியும். ஏனென்றால் உங்கள் வாசலில் விழுகிற வெளிச்சம் வேறு, நிலம் வேறு, காற்று வேறு. ஆகவே நிறத்தைத் தேடிய முறையை எழுதுகிறேன். பழைய பெயின்றைச் சுரண்டுவது, தேய்ப்பது, பிரைமர் அடிப்பது எல்லாம் தெரிந்ததுதானே, அதற்குள் நான் போகவில்லை.

படி 1: கதவு எந்தப் பக்கம் பார்க்கிறது?

திருக்கடலூர், உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்த கிழக்கு வாசல் என்றால், காலை வெயில் நேரே விழும். அதோடு வாடைக் காலத்து மழைச்சாரலும் உப்பும் கதவில்தான் வந்து படியும். இப்படியான கதவுக்குக் கறுப்பு, கடும் நீலம் போன்ற பளபளப்பான இருண்ட நிறங்களை நான் சொல்லமாட்டேன். உப்பு அதில் மெல்லிய வெள்ளைப் புகார் மாதிரிப் படிந்து நிற்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு மட்டும் கறுப்பாகத் தெரியும். நடுத்தர நிறத்தில் இது அவ்வளவாகக் கண்ணில் படாது.

மேற்கு வாசலுக்குப் பிரச்சினை வேறு. பின்னேர வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து பலகையைக் காய வைக்கும். இருண்ட நிறம் வெப்பத்தை உறிஞ்சுவதால், பலகை சுருங்கிப் பொருத்துகளில் பெயின்ற் கோடு கோடாக வெடிக்கத் தொடங்கும். விறாந்தை ஆழமாக இருந்தால் தப்பலாம்.

வடக்கு வாசல்காரர்கள் "எங்களுக்கு வெயிலே இல்லை" என்பார்கள். அது பாதி வருடத்துக்குத்தான் சரி. ஏப்ரல் நடுப்பகுதியில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே மார்கழியில் பார்த்துத் தெரிவு செய்த நிறத்தை ஆனி மாத வெளிச்சத்திலும் கற்பனை செய்து பாருங்கள்.

படி 2: மாற்றப்போகாதவற்றைக் குறித்து வையுங்கள்

ஓட்டின் நிறம், விறாந்தை நிலம், சுவர், ஜன்னல் கிறில், கேற். இதில் எதை இந்த வருடம் மாற்றப்போவதில்லையோ அதற்குத்தான் கதவு பொருந்த வேண்டும். நிலையில் பூசுகிற மஞ்சளும் குங்குமமும் இந்தக் கணக்கில் சேர்த்தி. கடும் சிவப்புக் கதவில் குங்குமப் பொட்டு தெரியவே தெரியாது. வெள்ளைக் கதவில் மஞ்சள் கறை ஊறிவிடும். பச்சையிலும் நீலத்திலும் பொட்டும் எடுப்பாக இருக்கும், மாவிலைத் தோரணமும் காய்ந்த பிறகுகூட அழகாக இருக்கும்.

படி 3: நிறக் கார்டில் (பெயின்ற் கடையில் தருகிற நிற அட்டையில்) இருந்து மூன்று நிறம்

மூன்றுக்கு மேல் எடுத்தால் வீட்டில் சண்டைதான் வரும். எடுக்கும்போது வெளிறுவதையும் யோசியுங்கள். காவி, செங்காவி, மண்ணிறம் எல்லாம் இரும்பு ஒக்சைட்டில் வருகிற நிறங்கள், வெயிலை நன்றாகத் தாங்கும். 1935இல் விற்பனைக்கு வந்த தாலோசயனீன் என்கிற செயற்கை நிறப்பொருளின் நீலமும் அதன் வழி வந்த பச்சையும் அதேபோல உறுதியானவை. பளிச்சென்ற செம்மஞ்சள், ரோஸ், ஊதா போன்றவை சீக்கிரம் வெளிறக்கூடியவை. எந்தக் கொம்பனி என்றாலும் வெளிப்புறத்துக்கான எனாமல்தானா என்று பேணியில் வாசித்துப் பாருங்கள்.

படி 4: மாதிரிப் பலகை

இந்த இடத்தில்தான் எனக்குப் பல நாள் இழுபட்டது. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

கார்டில் இருக்கிற சின்னச் சதுரத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. கடைக்குள் ரியூப் லைற் வெளிச்சத்தில் பார்த்தாலும் பயனில்லை. மிகச் சிறிய பேணி மூன்று வாங்குங்கள். ஏ4 தாள் அளவு பிளைவூட் துண்டு மூன்றில், கதவுக்கு அடிக்கப்போகிற அதே அண்டர்கோட் (நிறத்துக்கு அடியில் அடிக்கிற பூச்சு) அடித்து, அதற்கு மேல் இரண்டு கோட் அடியுங்கள். மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதை மறைக்காத நிறங்கள், அண்டர்கோட் மாறினால் நிறமே மாறும். கதவிலேயே பட்டை பட்டையாக அடித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. பழைய நிறம் பக்கத்தில் இருந்து கண்ணைக் குழப்பும், அந்தத் தடிப்பைப் பிறகு தேய்த்து எடுப்பதும் பெரிய வேலை.

பலகை காய்ந்ததும் ரேப் போட்டுக் கதவில் ஒட்டுங்கள். கண் மட்டத்தில் மட்டும் ஒட்டக்கூடாது. கீழே, நிலத்தில் இருந்து ஒரு சாண் உயரத்திலும் ஒட்டிப் பாருங்கள். எங்கள் விறாந்தை பழைய சிவப்புச் சீமெந்து நிலம், மினுக்கிப் போட்டது. நான் முதலில் விரும்பிய சாம்பல் நீலம் கண் மட்டத்தில் அருமையாக இருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு வெயில் நிலத்தில் பட்டுத் தெறித்தவுடன், அதே பலகை கீழே வெளிறிய ஊதாவாகத் தெரிந்தது. ஒரே கதவில் மேலே ஒரு நிறம், கீழே இன்னொரு நிறம்.

பலகையை மாற்றி மாற்றி வைத்தபோதுதான் காரணம் விளங்கியது. சாம்பல் கலந்த நிறமும் வெளிறிய நிறமும் தன்மேல் விழுகிற வெளிச்சத்தின் சாயலை அப்படியே காட்டிவிடும். அழுத்தமான, சாம்பல் கலக்காத நிறத்தில் அந்த மாற்றம் குறைவாகத்தான் தெரியும். பளபளப்பும் ஒரு காரணம். முழுக் குளோஸ் எனாமல் நிலத்தையே கண்ணாடி மாதிரிக் காட்டும், செமி குளோஸ் அவ்வளவு காட்டாது. ஆகவே சிவப்பு நிலம் உள்ளவர்கள் சாம்பல் நீலம், சாம்பல் பச்சை, கிறீம் ஆகியவற்றைக் கீழே ஒட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். வெள்ளை ரைல் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் முற்றத்தில் பெரிய மாமரம் நின்றால் பச்சைச் சாயல் வரும்.

இரவிலும் பாருங்கள். விறாந்தையில் வெள்ளை வெளிச்ச எல்ஈடி பல்பா, மஞ்சள் வெளிச்சமா என்பதைப் பொறுத்து நீலம் பச்சையாகத் தெரியலாம். காலை, மதியம், பின்னேரம், இரவு நாலு நேரமும் கேற்றடியில் நின்று போனில் படம் எடுத்து வையுங்கள். போன் நிறத்தைத் தானாகத் திருத்தும், அதனால் படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எந்தப் பலகை எப்போது முகம் மாறியது என்பதை நினைவுபடுத்த மட்டும் அது உதவும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது நீலம் கலந்த பச்சை, நடுத்தர ஆழம், செமி குளோஸ்.

படி 5: வாங்குதல்

7 அடிக்கு 3 அடிக் கதவின் ஒரு பக்கம் ஏறக்குறைய 2 சதுர மீற்றர். இரண்டு பக்கமும் நிலையும் சேர்த்து இரண்டு கோட்டுக்கு ஒரு லீற்றர் போதும். மெஷினில் கலந்து தருகிற நிறம் என்றால், ஒட்டித் தருகிற சீட்டில் நிறக்குறி, பேஸ் (நிறம் கலக்கிற அடிப்படைப் பெயின்ற்) இரண்டும் இருக்கும். அதைக் கிழிக்காமல் வையுங்கள். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் முந்திய வாரங்களில் கடைகளில் சனம் நெருக்கும், மெஷின்காரரிடம் நிதானமாக எதையும் கேட்க முடியாது.

அடிப்பதற்கு மாசி, பங்குனி நல்லது. கச்சான் வீசும் நாட்களில் ஈரப் பெயின்றில் மணல் ஒட்டும், அப்போது விடியற்காலையில் அடித்து முடியுங்கள். பலகைக் கதவுக்கு ரோலர் வேண்டாம், நல்ல 2 அங்குலப் பிரஷ் ஒன்றே போதும். விலை குறைந்த பிரஷ் மயிர் உதிர்க்கும், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை

இதை வாசித்துவிட்டு இரண்டு பேர் நல்ல கேள்வி கேட்டிருந்தார்கள்.

கிண்ணியாவில் இருந்து ஒருவர், வார்னிஷ் அடித்த பழைய முதிரைக் கதவுக்கு என்ன நிறம் என்று கேட்டார். தயவுசெய்து எந்த நிறமும் அடிக்க வேண்டாம். அப்படி மரம் இனிக் கிடைப்பது கஷ்டம். செதுக்கலுக்குள் பெயின்ற் ஒருமுறை போனால் முழுதாக எடுக்க முடியாது. வெயில் தாங்குகிற வெளிப்புற வார்னிஷ் அடியுங்கள், மங்கத் தொடங்கியதும் லேசாகத் தேய்த்துத் திரும்ப அடியுங்கள்.

மற்றவருக்கு இரும்புக் கதவு. அடியில் செம்மண் நிறத் துருத்தடுப்பு பிரைமர் அடித்தால் மேலே அடிக்கிற இளமஞ்சள் அழுக்காகத் தெரிகிறது என்றார். பிரைமருக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு கோட் வெள்ளை அண்டர்கோட் அடித்தால் சரியாகிவிடும். மாதிரிக்கும் பிளைவூட்டை விட்டுவிட்டு ஒரு தகரத் துண்டில் இந்த மூன்றையும் அதே வரிசையில் அடித்துப் பாருங்கள்.