உங்கள் ஊராட்சியின் காட்டுயிர் வாழிடங்களைக் கணக்கெடுப்பது எப்படி?

வேலூர்ப் பக்கம் காட்டுயிர் என்றால் அமிர்தி, ஜவ்வாது மலை, மோர்தானா என்றுதான் பேசுவோம். ஆனால் ஏரிக்கரை, கரடு, ஓடை, மேய்க்கால் புறம்போக்கு என ஒவ்வொரு ஊராட்சியிலும் உயிர்கள் வாழ இடம் இருக்கிறது. பதிவு இல்லாததால் அதெல்லாம் ‘சும்மா கிடக்கிற நிலம்’ ஆகி முதலில் அழிகிறது. பதிவு செய்ய நீங்கள் நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

1. வரைபடம்

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். ஏரி, ஓடை, பாறை, மேய்க்கால் எங்கெங்கே என்று புல எண்ணோடு (சர்வே நம்பர்) குறித்துக்கொள்ளுங்கள். ‘அரசமரத்துக்குத் தெற்கே’ என்று எழுதினால் உங்களுக்கு மட்டும்தான் புரியும். புல எண் இருந்தால் ஊராட்சியும் வருவாய்த் துறையும் அதை வைத்து வேலை செய்ய முடியும். இந்தப் படியைத் தவிர்க்கவே வேண்டாம்.

2. நடை

விடிந்ததும் இரண்டு மணி நேரம், வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரம். கோடையில் ஒரு சுற்று, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு சுற்று கட்டாயம். ஏனென்றால் வறண்ட ஏரியும் நிரம்பிய ஏரியும் வேறு வேறு வாழிடங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

3. எதைப் பார்ப்பது?

விலங்கு கண்ணில் படாவிட்டாலும் கால்தடம், எச்சம், வளை, உதிர்ந்த இறகு கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரு பேனாவோ அளவுகோலோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

அதைவிட முக்கியம் இடத்தின் அமைப்பு. பட்டுப்போன பனையின் பொந்தில் பனங்காடை கூடு வைக்கும். தொங்கும் காய்ந்த ஓலையில் பனை உழவாரன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடைக்கரையின் செங்குத்தான மண் சரிவைக் குடைந்து மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் குஞ்சு பொரிக்கும். கரட்டுப் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை தங்கும். ஆள்காட்டி வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டை இடும். அதனால் பொட்டல் என்று எதையும் ஒதுக்காதீர்கள். பட்ட மரம், மண் சரிவு, பாறை, பொட்டல் ஒவ்வொன்றும் தனிப் பதிவு.

அப்புறம், தண்ணீர் எத்தனை மாதம் நிற்கிறது, வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) எவ்வளவு பரவியிருக்கிறது என்றும் எழுதுங்கள். வேலிகாத்தானை அகற்றச் சொல்லும் முன் அதில் கூடுகள் உள்ளனவா என்று பாருங்கள். மொத்தமாக ஒரே நாளில் பொக்லைன் விட்டு வழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் நாட்டு மரம் வளர்ந்த பிறகு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

4. கேட்பது

ஆடு மேய்ப்பவர்களிடமும் இருளர் குடும்பங்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். உடும்பு எங்கே, நரி ஊளை கடைசியாக எப்போது கேட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சொன்னவர் விரும்பினால் மட்டும் பெயரை எழுதுங்கள். கூடு, வளை இருக்கும் துல்லியமான இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. வேட்டைக்காரர்களும் அதில் இருக்கலாம்.

5. ஊராட்சியிடம் சேர்ப்பது

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் உள்ள உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் வேலை. கூடு, வளை விவரங்களை நீக்கிய நகலை அந்தக் குழுவிடம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே ஒரே ஒரு கோரிக்கையை, புல எண்ணோடு, கிராம சபையில் மனுவாக வையுங்கள். ‘இந்த ஓடைக்கரைச் சரிவில் மண் எடுக்கக் கூடாது’ என்பது போல. பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். தீர்மான நோட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.