பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் ஒரு பாகம் உடைந்தால்: சரிசெய்வதா, மாற்றுவதா?

பாகம் உடைந்ததும் எல்லோரும் கேட்பது "இதை ஒட்டலாமா, வேறு வாங்கலாமா?" என்றுதான். அதற்கு முன்பே தெரிய வேண்டியது, அது ஏன் உடைந்தது என்பது. காரணத்தை விட்டுவிட்டுப் பாகத்தை மட்டும் மாற்றினால், புதுசும் அதே இடத்தில் உடையும்.

பிரவுனிங் ஆட்டோ-5 இரட்டைக்குழல் இல்லை, தானாகத் தோட்டா ஏற்றும் ஒற்றைக்குழல் துப்பாக்கி; ஆனாலும் இதற்கு நல்ல உதாரணம். சுடும்போது இதில் குழலே பின்னோக்கி ஓடும். அந்த வேகத்தைத் தணிப்பது தோட்டாக் குழாயில் கோத்திருக்கும் உராய்வு வளையம். கனமான தோட்டாவுக்கு வளையம் ஒரு வரிசையில் இருக்க வேண்டும், இலேசான தோட்டாவுக்கு வேறு வரிசையில். இலேசானதற்குரிய வரிசையில் வைத்துக் கனமான தோட்டா சுட்டால், குழல் தடையில்லாமல் வந்து இடித்து முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) பிளந்துவிடும். வளையத்தைத் திருத்தாமல் முன்கட்டையை எத்தனை முறை மாற்றினாலும் கதை அதேதான்.

இனி வேலைக்கு வருவோம். இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்த பிறகே எதையும் கழற்றுங்கள்.

படி 1: கழற்றும்போதே கெடுக்காதீர்கள்

கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்புபோலச் சரிந்திருக்கும். பழைய துப்பாக்கி ஸ்க்ரூவின் வெட்டோ மெல்லியது, பக்கம் நேரானது. சரிந்த நுனி மேலே ஏறி வெட்டைக் கிழித்துவிடும். நுனியின் இரு பக்கமும் உட்குழிவாகச் சாணை பிடித்த, வெட்டை அடிவரை நிரப்பும் டிரைவர்தான் வேண்டும். பத்து வகைக் கருவி வாங்குவதைவிட இப்படி நான்கு டிரைவர் போதும் என்பது என் கருத்து. ஸ்க்ரூ அசையவில்லையா? ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருங்கள்.

எந்த ஸ்க்ரூ எந்தத் துளையில் இருந்தது என்று ஒரு அட்டையில் குறித்துக் குத்தி வையுங்கள். கையால் செய்த துப்பாக்கியில் ஒன்று போலத் தெரியும் இரண்டு ஸ்க்ரூ ஒன்றின் துளையில் மற்றது ஏறாது. ஏறவில்லை என்று மரை போட்டுத் துளையைக் கெடுத்துவிடாதீர்கள்.

படி 2: உடைந்தது எந்த வகைப் பாகம்?

வெடி அழுத்தத்தைத் தாங்கும் பாகங்கள்: குழல், தோட்டா அறை, சட்டகம், குழலைப் பூட்டும் நாக்கு. இவற்றில் விரிசல் என்றால் பற்றவைக்கும் பேச்சே வேண்டாம். குழலில் சிறு நசுக்கல் மட்டும் என்றால் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் உள்ளிருந்து தூக்கிச் சரிசெய்ய முடியும். விரிசல், ஆழமான துருக்குழி, வளையமாகப் புடைத்த இடம் இருந்தால் அந்தக் குழலில் சுடுவதை நிறுத்துங்கள்.

இங்கே வெப்பம் பெரிய எதிரி. பெரும்பாலான இரட்டைக்குழல்களில் நடுப்பட்டை ஈயப்பற்றில்தான் நிற்கிறது. பித்தளைப் பற்று வைக்கும் சூடு பக்கத்தில் வந்தாலே ஈயம் உருகிப் பட்டை கழன்றுவிடும். கருநீலப் பூச்சுக்குக் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கினாலும் ஈயம் அரிக்கும். அதனால் இரட்டைக்குழலுக்குத் துருப்பூச்சு முறைதான் (மெல்லத் துருவேற்றிக் கருக்கும் முறை) சரி.

இன்னொன்று, பழைய 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. நீளம்தான். அதில் 70 மி.மீ. தோட்டா உள்ளே போகும், ஆனால் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். கட்டையோ (தோளில் வைக்கும் மரப்பகுதி) பூட்டோ (சுத்தியல் இருக்கும் பொறி) திரும்பத் திரும்ப உடைந்தால் முதலில் இதை அளந்து பாருங்கள்.

படி 3: சியரும் சுத்தியலும்

சியர் என்பது, ஏற்றிய சுத்தியலை விசை இழுக்கும்வரை பிடித்து வைக்கும் சிறு பாகம். மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. அறிகுறி தெளிவானது: ஒரு விசையை இழுத்தால் இரண்டு குழலும் வெடிக்கும், அல்லது துப்பாக்கியைச் சற்றே தட்டினாலே சுத்தியல் விழும். தேய்ந்த முனையை அரத்தால் கூராக்கினால் போதுமே என்று தோன்றும். செய்யாதீர்கள்.

பழைய சியர்கள் பெரும்பாலும் மென்மையான எஃகு. மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டிருக்கும், அதுவும் மெல்லிய தோல். நாலு இழுப்பு இழுத்ததும் அரம் தோலைத் தாண்டி மெத்தென்ற உள்பகுதிக்குப் போய்விடும். அன்றைக்குச் சியர் கச்சிதமாகப் பிடிக்கும், எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். மென்மையான முனை சுடச் சுட மழுங்கி ஒரு நாள் தானாக நழுவும். அப்போது குழல் யார் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சோதிக்க எளிய வழி: சியரில் வேலை செய்யாத ஓரத்தில் நுண்ணரத்தை மெல்ல வையுங்கள். வழுக்கிப் போனால் தோல் இருக்கிறது, கடித்தால் போய்விட்டது. போயிருந்தால் மாற்றுங்கள், அல்லது முறையாக மீண்டும் கடினப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஆனால் மாற்றுவதற்கு முன் கட்டையைக் கழற்றிவிட்டுப் பூட்டை மட்டும் சோதித்துப் பாருங்கள். ஈரத்தில் உப்பிய மரம் சியரின் வாலைத் தடுத்தால், சியர் சுத்தியலின் வெட்டுக்குள் முழுதாக இறங்காது. கட்டையில்லாமல் நன்றாகப் பிடித்தால் குற்றம் மரத்தின்மேல். உரசும் இடத்தில் மரம் பளபளவென்று கறுத்திருக்கும். அங்கே சுரண்டி இடம் விட்டால் போதும், சியர் வாங்கும் செலவே இல்லை.

எல்லாம் பூட்டியபின், காலித் துப்பாக்கியைச் சுத்தியலேற்றி, பாதுகாப்புப் பூட்டைத் திறந்து, ரப்பர் விரிப்பில் கட்டையின் அடியைப் பலமுறை தட்டுங்கள். ஒரு சுத்தியல் ஒரு தடவை விழுந்தாலும் வேலை முடியவில்லை.

படி 4: ஸ்பிரிங்கும் ஊசியும்

V வடிவ ஸ்பிரிங் உடைந்தால் மாற்றுவதுதான் வழி. பற்றவைத்தால் ஒட்டின் பக்கத்திலேயே டெம்பர் (சூடேற்றிக் கொடுத்த துள்ளல்) போய், வளையும் இல்லையென்றால் மறுபடி ஒடியும். புதிதாகச் செய்வதாக இருந்தால் 1095 போன்ற அதிகக் கார்பன் எஃகு, சுமார் 800 டிகிரி செல்சியஸில் சிவக்கவைத்து எண்ணெயில் தோய்த்து, சுமார் 300 டிகிரியில் நீலம் ஏறும்வரை டெம்பர். கடைசித் தேய்ப்பு நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே ஓடும் ஒரே ஒரு அரக்கீறலில்தான் விரிசல் பிறக்கும். உடைந்த துண்டைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள், பெரும்பாலும் ஒடிந்த ஓரத்திலேயே அந்தக் கீறல் தெரியும்.

வெடிக்கும் ஊசிக்கும் புதுசுதான். நுனி அரைக்கோளமாக, கூரில்லாமல், ஏறத்தாழ 1.5 மி.மீ. வெளியே நீள வேண்டும். கூடினால் பிரைமரை (தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றுமூடி) குத்தி ஓட்டையாக்கும், குறைந்தால் வெடிக்காது. ஊசித் துளையும் அகன்றிருந்தால் ஊசியை மட்டும் மாற்றிப் பயனில்லை, துளைக்குப் புஷ் (உள்வளையம்) போட வேண்டும்.

படி 5: கட்டை

இதில் நான் எப்போதும் சரிசெய்யும் கட்சி. சட்டகத்தின் வாலுக்குப் பின்னால் வரும் விரிசலுக்குக் காரணம் இரண்டு: தளர்ந்த ஸ்க்ரூ, எண்ணெய் ஊறி மெத்தென்றான மரம். எண்ணெயை அசிட்டோனாலும் சாக் தூளாலும் உறிஞ்சி எடுக்காமல் எபாக்ஸி ஊற்றினால் ஒட்டாது. ஒட்டியபின் வாலுக்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பின்னுதைப்பு வாலில் இடிக்காமல் மற்ற தாங்குபரப்புகளில் இறங்கும்.

படி 6: மாற்றுப் பாகம் தேடும்போது

மேலே பொறித்திருக்கும் பெயரை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்புச் சாமான் கடைகள் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. கிரெசென்ட் போன்ற ஒரே தொழிற்சாலையின் துப்பாக்கி பல பெயரில் இருக்கும். குழலின் அடியில் இருக்கும் முத்திரைகளையும் பூட்டின் உருவத்தையும் வைத்து உண்மையான தயாரிப்பாளரைக் கண்டுபிடியுங்கள்.

சரியான மாடல் கிடைத்தாலும் அப்படியே பொருந்தாது. ஒவ்வொன்றும் அரத்தால் பொருத்தப்பட்டது, ஆகவே வாங்கிய பாகத்துக்கும் கைவேலை உண்டு. அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் எது மலிவு என்று பாருங்கள். இரண்டு பழைய பாகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் சற்றுப் பெரியதை எடுங்கள். குறைக்கலாம், வளர்க்க முடியாது. சட்டகமும் குழலும் பல நாடுகளில் சட்டப்படி உரிமம் வேண்டும் பாகங்கள், பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

மாற்றினாலும் உடைந்த அசல் பாகத்தை எறிய வேண்டாம். எண்ணெய் தடவி உறையில் போட்டுத் துப்பாக்கியின் தொடர் எண்ணை எழுதி வையுங்கள். அடுத்து அதே பாகத்தைச் செய்பவருக்கு அளவெடுக்க அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.