கோணாத வெள்ளை விளிம்பு: வீட்டிலேயே பிரெஞ்சு மெனிக்யூர்

பெயரில் பிரெஞ்சு இருந்தாலும் இந்த நக அலங்காரம் பிறந்த ஊர் பாரிஸ் அன்று, ஹாலிவுட். ஓர்லி என்னும் நகப்பூச்சு நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க், ஒரே நாளில் பலமுறை உடை மாற்ற வேண்டியிருந்த நடிகைகள் ஒவ்வோர் உடைக்கும் ஒரு நிறத்தை அழித்து அழித்துப் பூசும் தொல்லையைத் தீர்க்க, 1970-களின் நடுவில் இம்முறையை வகுத்தார் என்றும், பாரிஸ் ஆடையலங்கார மேடைகளுக்குக் கொண்டுசென்ற பிறகே இப்பெயரைச் சூட்டினார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. நகத்தின் இயல்பான இளஞ்சிவப்பையும் நுனியின் வெண்மையையும் சற்றே கூட்டிக் காட்டுவதுதான் இதன் உத்தி. ஆகவே எந்த நிறப் புடவைக்கும் பொருந்தும். ஆனால் அடர்சிவப்புப் பூச்சில் கண்ணுக்குப் படாத சிறு கோணல்கூட இதில் பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதால், கைப்பழக்கத்தைவிடப் பொறுமையே இதற்கு அதிகம் வேண்டும். முதல்முறை செய்பவர்கள் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்வது நல்லது.

தேவையானவை: அடிப்பூச்சாகிய பேஸ் கோட், ஊடுருவித் தெரியும் மெல்லிய நிறப்பூச்சு ஒன்று, வெள்ளைப் பூச்சு, மேற்பூச்சாகிய டாப் கோட், சொரசொரப்பைக் குறிக்கும் எண் 180 அல்லது 240 ஆக உள்ள நெயில் ஃபைல், பழைய பூச்சை அழிக்கும் ரிமூவர், பஞ்சு, ஒரு மரக்குச்சி, ஓவியம் வரையும் மெல்லிய தூரிகை. இவற்றுள் நிதானித்து வாங்க வேண்டியது அந்த மெல்லிய நிறப்பூச்சைத்தான். கடைகளில் பிரெஞ்சு மெனிக்யூருக்கென்றே ஒரு தொகுப்பாக விற்கப்படும் வெளிர் இளஞ்சிவப்பு, நம்மில் பலருடைய மாநிறத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். பீச் அல்லது பழுப்பு கலந்த நிறம் கையோடு இயல்பாகச் சேரும். வெள்ளையிலும் சுண்ணாம்பு போன்ற வெள்ளையைவிடப் பால்வெள்ளை மென்மையாக இருக்கும் என்பது என் கருத்து. அண்மையில் மருதாணி வைத்திருந்தால் சில மாதங்கள் பொறுத்திருங்கள். நகத்தில் ஏறிய மருதாணிச் சிவப்பு மெல்லிய பூச்சின் ஊடே தெரியும், அது கழுவிப் போவதன்று. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டரே வளர்வதால், அந்தச் சிவப்பு வளர்ந்து வெளியேறும்வரை இந்த அலங்காரம் எடுபடாது.

பழைய பூச்சை முற்றிலும் துடைத்த பின், நகங்கள் உலர்ந்திருக்கும்போதே அவற்றை வடிவமைக்க வேண்டும். நனைந்த நகம் மென்மையாகி ஃபைலின் உராய்வில் அடுக்கடுக்காகப் பிரியும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் தேய்த்து, பத்து விரல்களிலும் நீளத்தை ஒன்றாக்குங்கள். ஒரு நகம் உடைந்து குட்டையாகியிருந்தால் மற்ற ஒன்பதையும் அதற்கேற்பக் குறைப்பதே நல்லது, மனம் வராவிட்டாலும்.

நகம் தொடங்கும் இடத்தில் அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நகத்தோலை வெட்டாதீர்கள். கிருமியும் பூஞ்சையும் உள்ளே புகாமல் காக்கும் அடைப்பு அதுவே. ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, மரக்குச்சியால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும். அழகு நிலையங்களில் கையை வெந்நீரில் ஊறவைப்பது வழக்கம். ஆனால் நீரை உறிஞ்சிச் சற்று உப்பிய நகம் பின்னர் உலர்ந்து சுருங்கும்போது அதன் மேல் பூசிய பூச்சு பிடிப்பு தளர்ந்து உரிய வாய்ப்புண்டு. வீட்டில் செய்யும்போது அந்தப் படியை விட்டுவிடலாம். எண்ணெய் தடவியவர்கள் அடுத்து ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் ஒற்றித் துடைக்க மறக்கக் கூடாது, எண்ணெய்ப் பசையின் மேல் எந்தப் பூச்சும் நிற்காது.

அடிப்பூச்சு ஒரு மெல்லிய படலமாக அமைந்து உலர்ந்ததும், நிறத்தை முதலில் பூசுவதா, வெள்ளையை முதலில் பூசுவதா என்ற கேள்வி எழும். நிறத்தின் மேல் வெள்ளை தீட்டினால் விளிம்பு கூர்மையாகத் தெரியும், ஆனால் வெள்ளையைத் திருத்த ரிமூவர் தொட்டால் கீழுள்ள நிறமும் சேர்ந்து கரைந்துவிடும். வெள்ளையை முதலில் தீட்டி அதன் மேல் நிறத்தைப் போர்த்தினால் சிறு பிசிறுகள் மறையும், நகம் இயற்கையாகவும் தோன்றும். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

இனி அந்த வெள்ளைக் கோடு. பெரும்பாலோர் செய்யும் தவறு அதை அகலமாகத் தீட்டுவது. அகலம் கூடக் கூட விரல் குட்டையாகத் தெரியும். நடுத்தர நீள நகத்துக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் போதும், குட்டை நகத்துக்கு நூல் போன்ற கோடே அழகு. நகம் சதையை விட்டுப் பிரியும் இடத்தில் இயற்கையாக அமைந்த வளைவு ஒவ்வொரு விரலிலும் சற்று வேறுபடும். அந்த வளைவைத் தொடர்ந்து செல்லும் கோடு ஒருபோதும் செயற்கையாகத் தெரியாது. கையால் தீட்டும்போது தூரிகையை நகர்த்துவதைவிட, தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு விரலை மெல்லத் திருப்புவது எளிது. முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றி, முதலில் இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிச் சாய்வாக ஒவ்வொரு கீற்று இழுத்து, பிறகு நடுவை இணையுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடக்கையால் தீட்ட வேண்டிய வலக்கை விரல்களையே முதலில் முடித்துவிட வேண்டும். கண்ணும் கையும் சோர்ந்த பிறகு அந்த வேலையைத் தொடங்கினால் கோடு அலையாகப் போகும்.

கை நடுங்குகிறவர்கள் வளைந்த வழிகாட்டி ஸ்டிக்கர்களை ஒட்டிக்கொள்ளலாம். கீழுள்ள படலம் நன்கு உலர்ந்த பின்பே ஒட்ட வேண்டும், வெள்ளை ஈரமாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். உலரவிட்டு உரித்தால் விளிம்பு பிய்ந்து வரும். செல்லோடேப்பைப் பயன்படுத்துவதானால் புறங்கையில் இரண்டு மூன்று முறை ஒட்டியெடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, நக ஓவியத்துக்கென விற்கப்படும் மெத்தென்ற சிலிக்கான் முத்திரையில் வெள்ளையைப் பூசி, நகநுனியைச் சாய்வாக அதில் அழுத்தியெடுப்பது. வளைவு தானாக அமைந்துவிடும், தோலில் ஒட்டியதை மட்டும் துடைத்தால் போதும். அதற்கு மெல்லிய தூரிகையை ரிமூவரில் தோய்த்து, பஞ்சில் ஒற்றி ஈரத்தைக் குறைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

வெள்ளையை ஒரே தடிப்பான பூச்சாக அப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். நகப்பூச்சு காய்வது என்பது அதிலுள்ள எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகி வெளியேறுவதே. தடித்த பூச்சில் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்வதால், காய்ந்துவிட்டது என்று நம்பித் தொடும்போது குழி விழுகிறது. இரண்டு மெல்லிய பூச்சுகள், இடையில் மூன்று நான்கு நிமிட இடைவெளி என்பதே சரியான முறை. மின்விசிறியைப் பூசும்போது நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தூரிகையிலேயே பூச்சு இறுகி நூலாக இழுக்கும். இறுகிய பூச்சில் ரிமூவரை ஊற்றி இளக்குவோர் உண்டு; அது பூச்சையே கெடுத்துவிடும், அதற்கெனத் தின்னர் தனியே கிடைக்கிறது. இவை எல்லாமே எளிதில் தீப்பற்றுவன என்பதால் அடுப்போ பூசை விளக்கோ எரியும் இடத்தில் அமர வேண்டாம், சன்னல் திறந்திருக்கட்டும்.

டாப் கோட் பூசும்போது தூரிகையை நகத்தில் அழுத்தாமல், பூச்சே பரவும்படி மெல்ல இழுக்க வேண்டும், அழுத்தினால் வெள்ளை கலைந்து கீழே வழியும். நகநுனியின் வெட்டுமுனையிலும் ஒரு கீற்று இழுத்து மூடிவிட்டால் பூச்சு நுனியிலிருந்து பெயர்வது தள்ளிப்போகும். ஐஸ் நீரில் விரலை அமிழ்த்தினால் சீக்கிரம் காயும் என்பது நம்பிக்கைதான், குளிர்ச்சி ஆவியாதலை விரைவுபடுத்தாது. முழுமையாக இறுகப் பல மணி நேரம் ஆகும் என்பதால் படுக்கப்போகும் முன் பூசினால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும்.

கையால் பிசைந்து சாப்பிடும் வீடுகளில் வெள்ளை நுனிக்கு முதல் பகை மஞ்சள்தான். மஞ்சளின் நிறமி நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே குழம்புக் கறை சோப்புக்கு எளிதில் அசையாது. வெயில் பட்டால் மெல்ல வெளிறும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டாப் கோட்டைப் புதுப்பித்து, பாத்திரம் துலக்கும்போது கையுறை அணிந்தால் ஒரு வாரம் தாங்கும்.

அறுவை சிகிச்சைக்குச் செல்வோர் முன்னதாகவே பூச்சை அகற்ற வேண்டும், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விரல்நுனியில் அளக்கும் கருவிக்கு நகப்பூச்சு இடையூறாகலாம். அகற்றும்போது சுரண்டாமல், ரிமூவரில் நனைந்த பஞ்சைப் பத்துப் பதினைந்து நொடி நகத்தின் மேல் அழுத்திப் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாகத் துடையுங்கள். பின்னர் கையைக் கழுவி, வறண்டிருக்கும் நகத்துக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் சிறிது எண்ணெய் தடவுங்கள்.