பாடசாலைக் கணினி அறைக்கு ஒரு கோப்புச் சேர்வர்: புதியவர்களுக்கான செய்முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளில் இணைய இணைப்பு நினைத்த நேரமெல்லாம் கிடைப்பதில்லை. ஆனால் ஒரே அறைக்குள் இருக்கும் கணினிகள் கோப்புகளைப் பகிர இணையமே வேண்டியதில்லை. கோப்புகளை வைத்திருந்து மற்றக் கணினிகளுக்கு வழங்கும் சேர்வராக ஒரு பழைய கணினி, இரண்டு வன்தட்டுகள் (ஒன்று மென்பொருளுக்கு, மற்றது தரவுக்கு), கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சுவிட்ச், கேபிள்கள் போதும். அந்தக் கணினியைச் சேர்வராக்கும் மென்பொருள், இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்மீடியாவோல்ட். உலாவியிலேயே எல்லாவற்றையும் அமைக்கலாம் என்பதால் இதைப் பரிந்துரைக்கிறேன்.

கணினியைத் தொடுமுன் ஒரு தாளை எடுங்கள். யார் எதைத் திறக்கலாம் என்பதை எழுதுங்கள். வினாத்தாள் கோப்புறை ஆசிரியர்களுக்கு மட்டும். பாடக்குறிப்பை மாணவர் வாசிக்கலாம், மாற்ற முடியாது. செயற்திட்டத்தில் இரு தரப்பும் எழுதலாம். இந்தத் தாள்தான் முழு வேலையின் அத்திவாரம். தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் வினாத்தாள் வெளியே போனபின் அனுமதியைத் திருத்திப் பயனில்லை.

ஓப்பன்மீடியாவோல்ட்டை நிறுவும்போது தரவுக்கான வன்தட்டைக் கழற்றி வையுங்கள். நிறுவல் தான் எடுத்துக்கொள்ளும் தட்டை முழுவதும் அழித்துவிடும். முடிந்ததும் தட்டை மாட்டிக் கணினியை இயக்குங்கள். திரையில் ஓர் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அந்தக் கணினிக்குரிய எண், தெரியும். வேறொரு கணினியின் உலாவியில் அதைத் திறந்து, அட்மின் என்ற பயனராக நுழைந்து, முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு நெட்வேர்க் பகுதியில் நிலையான முகவரி கொடுங்கள். 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டோரேஜ் பகுதியில் தரவுத் தட்டை வடிவமைத்து இணைத்து, தாளில் எழுதிய கோப்புறைகளை உருவாக்குங்கள். யூசர்ஸ் பகுதியில் ஆசிரியர், மாணவர் என இரு குழுக்கள். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கட்டாயம். மாணவருக்கு வகுப்புக்கு ஒன்று போதும். கோப்புறை ஒவ்வொன்றுக்கும் எழுதலாம், வாசிக்கலாம், அனுமதியில்லை என்ற மூன்றில் ஒன்றைக் குழுவாரியாகத் தெரிவுசெய்யுங்கள். பின்னர் விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் முறையான எஸ்எம்பி சேவையை இயக்கி, கோப்புறைகளை அதில் சேருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மேலே தோன்றும் மஞ்சள் பட்டையில் சரி அடையாளத்தை அழுத்தாவிட்டால் எதுவும் நடைமுறைக்கு வராது.

பழைய விண்டோஸ் கணினிக்காக எஸ்எம்பியின் முதற்பதிப்பை இயக்கச் சொல்வார்கள். வேண்டாம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வனாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த வழியாகத்தான்.

இனிச் சோதனை. விண்டோஸில் கோப்புறைச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் \\192.168.1.10 என்று தட்டுங்கள். மாணவர் கணக்கில் நுழைந்து வினாத்தாளைத் திறந்து பாருங்கள், மறுக்க வேண்டும். ஆசிரியர் கணக்கைச் சோதிக்குமுன் விண்டோஸிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். ஒரே சேர்வருக்கு ஒரே வேளையில் இரு பயனர்பெயர்களை அது ஏற்காது.

எந்தக் கணினியில் அமர்ந்தாலும் ஒரே பெயரில் நுழைய வேண்டுமென்றால், எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அடைவுச் சேவை தேவை. 2012 டிசம்பரில் வந்த சம்பா 4 என்ற மென்பொருள் முதல், இலவச இயங்குதளமான லினக்ஸிலேயே அதை அமைக்கலாம். அதற்கு இறங்குமுன் மூன்றைச் சரிபாருங்கள்: கணினிகளில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருக்கக்கூடாது (அந்தச் சேவையின் கீழ் வரும் கணினிக் குழுவான டொமைனில் அது சேராது); பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்கான முகவரி அந்தச் சேர்வரையே காட்ட வேண்டும்; கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபடக்கூடாது. மின்வெட்டுக்குப் பிறகு பழைய கணினிகளின் நேரம் பின்தங்கினால், தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலத்தை மாற்றுங்கள்.