சின்ன நீர்க்காகமா, கொண்டை நீர்க்காகமா? ஏரிக்கரையில் பிரித்தறிவது எப்படி

நம்மூர் ஏரிகளில் கறுப்பாக ஒன்று முங்கி எழுந்தால் 'நீர்க்காகம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதில் அநேகமாக இரண்டு இனங்கள் கலந்திருக்கும். வேடந்தாங்கலில் இரண்டும் ஒரே தோப்பில் கூடு கட்டுகின்றன. ஒரு பைனாகுலர் இருந்தால் போதும், நீங்களே பிரித்துவிடலாம்.

1. கரையேறும்வரை காத்திருங்கள். நீந்தும்போது உடம்பு பாதி முங்கி, கழுத்து மட்டும்தான் தெரியும். இறகு நனைவதால்தான் அவற்றால் சுலபமாக முங்க முடிகிறது. அதனாலேயே பிறகு பட்டமரத்தில் சிறகை விரித்துக் காய வேண்டியிருக்கிறது. நமக்கு அதுதான் நல்ல நேரம். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் இரண்டுமே வெறும் நிழல்தான்.

2. அலகைப் பாருங்கள். பருமனை நம்பாதீர்கள். சின்னது சுமார் 50 செ.மீ., கொண்டை 60 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அந்த வித்தியாசம் புரியும். அலகு அப்படியில்லை. சின்ன நீர்க்காகத்துக்கு அது குட்டை, கட்டை. தலையில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். கொண்டை நீர்க்காகத்துக்கு ஒல்லியாக நீண்டு, நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். கழுத்தும் நீளம். எனக்கு இந்த ஒரு படியே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.

3. அப்புறம் கண். வளர்ந்த கொண்டை நீர்க்காகத்தின் கண் நீலப்பச்சை. முதல்முறை அதைப் பார்த்தபோது பைனாகுலரை இறக்க மனம் வரவில்லை: ஈரம் சொட்டும் கறுப்புத் தலையில், கல் பதித்த மாதிரி ஒரு பச்சை. சின்னதுக்குக் கண் கருமை. இளம் பறவைகளிடம் அந்தப் பச்சையை எதிர்பார்க்காதீர்கள். அவற்றுக்கு மறுபடி அலகுதான் கதி.

4. கூடு கட்டும் பருவமானால் கொண்டை நீர்க்காகத்தின் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் குஞ்சம் ஒன்று தெரியும். சின்னதின் தலையில் மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் மட்டுமே. மற்ற மாதங்களில் இதைத் தேட வேண்டாம்.

வாத்தைவிடப் பெரிதாக, தாடையில் மஞ்சளோடு ஒன்று நின்றால் அது மூன்றாவது இனம், பெரிய நீர்க்காகம்.

சரி, நாளைக் காலை போகும்போது ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதுவதற்கு முன் அலகை ஒரு கோடாக வரையுங்கள். இனம் பிடிபடாவிட்டால் 'நீர்க்காகம்' என்று மட்டும் எழுதிவைப்பதே நேர்மையான குறிப்பு.