பத்து மீட்டர் ஏர் ரைஃபிளைப் பெரிய காற்றுச் சிலிண்டரிலிருந்து நிரப்புவது எப்படி?

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குபவர்கள் துப்பாக்கிக்கும் பெல்லட்டுக்கும் உடைக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள். துப்பாக்கியில் உள்ள சிறிய சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றுதான் பெல்லட்டைத் தள்ளுகிறது; அந்தக் காற்றை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பெரும்பாலோர் கைப்பம்பில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கைப்பம்பு வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 200 பார் அழுத்தம்வரை (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அடித்து முடித்த கைகள் அடுத்த அரை மணி நேரத்துக்கு நடுங்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஈரப்பதம். 30 டிகிரி வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில், கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக இருக்கும். துப்பாக்கிச் சிலிண்டரை ஒருமுறை நிரப்ப 26 லிட்டர் அறைக்காற்று தேவை என்று கொண்டால், அதனுடன் அரை கிராமுக்கு மேல் நீரும் பம்புக்குள் போகிறது. பம்பில் உள்ள உலர்த்தி அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். மீதி சிலிண்டரின் உட்சுவரிலும், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரிலும் தங்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது சிறிய விஷயமன்று.

இதற்குத் தீர்வு, ஸ்கூபா டைவிங் செய்பவர்கள் பயன்படுத்தும் பெரிய சிலிண்டரை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, அதிலிருந்து துப்பாக்கிச் சிலிண்டரை நிரப்பிக்கொள்வதாகும். டைவிங் மையத்தின் கம்ப்ரெசர் காற்றை வடிகட்டி உலர்த்தியே அனுப்புகிறது; மனிதர் சுவாசிக்கும் காற்று என்பதால் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் இருக்கக் கூடாது.

பெரிய சிலிண்டரை ஒரு குழாய் மூலம் துப்பாக்கியுடனேயே நிரந்தரமாக இணைத்துவிட முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். போட்டித் துப்பாக்கியில் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குழலுக்குக் கீழே இருக்கும் சிலிண்டர் துப்பாக்கியின் சமநிலையில் ஒரு பகுதி. இழுபடும் குழாய் ஒவ்வொரு முறையும் குறியைச் சற்றே நகர்த்தும். பத்து மீட்டர் ரைஃபிளுக்கு 5.5 கிலோ என்ற எடை வரம்பும் உண்டு. நிறுவனம் கொடுத்த மரையைக் கடைசல் பட்டறையில் மாற்றி வேறு சிலிண்டரைப் பொருத்துவது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் 200 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய மரையின் ஆழமும் உலோகத்தின் தரமும் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடியவை அல்ல. பெரிய சிலிண்டர் தரையில் இருக்கட்டும். துப்பாக்கியில் அதற்கென்று வந்த சிலிண்டரே இருக்கட்டும்.

எந்த வாயு என்பதில் சமரசமே கூடாது. மருத்துவமனையிலும் வெல்டிங் பட்டறையிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சிலிண்டரை எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் சிறு துளி எண்ணெயையோ கிரீஸையோ தொட்டாலே தீப்பற்றி வெடிக்கக்கூடும். கார்பன் டை ஆக்சைடு வேறு வகைத் துப்பாக்கிகளுக்கு உரியது. அதன் அழுத்தம் 20 டிகிரியில் ஏறத்தாழ 57 பார், 30 டிகிரியில் 72 பார் என வெப்பத்தோடு மாறும். காற்றுக்கென்று செய்யப்பட்ட சிலிண்டரில் அதை ஏற்றக் கூடாது. தொழிற்சாலை நைட்ரஜன் துப்பாக்கிக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் அது பெரும்பாலும் 150 பார் அளவில்தான் வரும், வால்வும் வேறு, மூடிய அறையில் கசிந்தால் மூச்சு முட்டும். ஆகவே டைவிங் காற்றே போதும்.

சிலிண்டரைத் தேர்ந்தெடுப்பது

டைவிங் மையங்களில் அதிகம் காணப்படுவது 11.1 லிட்டர் கொள்ளளவும் 207 பார் அழுத்தமும் கொண்ட அலுமினியச் சிலிண்டர். தீயணைப்புச் சுவாசக் கருவிகளோடு வரும் 6.8 லிட்டர், 300 பார் கார்பன் இழைச் சிலிண்டர் எடை குறைந்தது, விலை கூடியது. புதியவர்களுக்கு முதல் வகையையே பரிந்துரைக்கிறேன். டைவிங் மையத்தில் 200 பாரில் நிறுத்தச் சொல்லி வாங்கினால், கவனம் சிதறினாலும் துப்பாக்கிச் சிலிண்டர் தன் வரம்பான 200 பாரைத் தாண்டாது. 300 பார் சிலிண்டரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அழுத்தமானியின் ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் அளவு மீறிவிடும்.

இதில் இழப்பும் இருக்கிறது, அதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. துப்பாக்கிச் சிலிண்டர் 200 மில்லி லிட்டர் என்றும், ஒவ்வொரு முறையும் 70 பார் மீதமிருக்கும்போது நிரப்புகிறோம் என்றும் கொள்வோம். 200 பாரில் தொடங்கும் 11.1 லிட்டர் சிலிண்டர் முதல் முறை ஏறத்தாழ 198 பார் கொடுக்கும். பத்தாவது முறை 179 பார் அளவுக்கு இறங்கியிருக்கும். அறுபது குண்டுகள் கொண்ட ஒரு போட்டிக்கு 150 பாரே தாராளம் என்பதால் இந்த இறக்கம் பயிற்சியைப் பாதிக்காது. 6.8 லிட்டர், 300 பார் சிலிண்டரோ எளிய சூத்திரப்படி (அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்குவது) இருபத்தாறு முறை முழு 200 பார் தர வேண்டும். ஆனால் அந்த அழுத்தத்தில் காற்று சூத்திரத்துக்குச் சரியாகக் கட்டுப்படாததால், நடைமுறையில் இருபதைச் சற்றே தாண்டும் என்று எதிர்பாருங்கள்.

இரு சிலிண்டர்களையும் இணைக்கும் அடாப்டர் உங்கள் துப்பாக்கி நிறுவனத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் மரை இன்னொன்றில் சேரும் என்று நம்பாதீர்கள். பெரிய சிலிண்டரின் பக்கத்தில் இரு வகை வால்வுகள் உண்டு: கவ்விப் பிடிக்கும் யோக் வகை, மரையில் திருகும் டிஐஎன் வகை. டிஐஎன் வகையிலும் 200 பாருக்கான குட்டை மரை 300 பார் வால்வில் அடிவரை எட்டாது. 300 பாருக்கான நீண்ட மரை இரண்டிலும் சேரும். அதனால் வாங்கும்போதே நீண்ட மரையாக வாங்குங்கள். அழுத்தமானியும் காற்றை வெளியேற்றும் திருகும் இல்லாத மலிவான அடாப்டர்களை நான் தொடவே மாட்டேன்.

நிரப்பும் முறை

முதலில் தேதிகளைப் பாருங்கள். துப்பாக்கிச் சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் பத்து ஆண்டுகள். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகளும் அதையே சொல்கின்றன. காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது போட்டியாளரின் பொறுப்பு. பெரிய சிலிண்டரின் தோளில் கடைசி அழுத்தச் சோதனையின் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். காலம் கடந்ததை நிரப்பவோ பயன்படுத்தவோ வேண்டாம்.

துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அதன் சிலிண்டரைக் கழற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பெரிய சிலிண்டர் விழாதபடி சுவரோடு சேர்த்துக் கட்டிவைத்து, அடாப்டரைப் பொருத்தும் முன் வால்வை ஒரு நொடி மட்டும் மெல்லத் திறந்து மூடினால், வாயில் தங்கிய தூசியும் நீர்த்துளியும் வெளியேறிவிடும். பிறகு அடாப்டரைக் கையால் மட்டும் இறுக்குங்கள். காற்று கசியாமல் அடைப்பது ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம்; ஸ்பேனரால் இறுக்குவது அந்த ரிங்கை நசுக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

துப்பாக்கிச் சிலிண்டரை அடாப்டரில் முழுமையாகத் திருகி, வெளியேற்றும் திருகை மூடிவிட்டு, பெரிய வால்வை மயிரிழை அளவுக்குத் திறக்க வேண்டும். உள்ளே மீந்திருக்கும் அழுத்தம்வரை ஊசி சட்டென்று ஏறி, அங்கே ஒரு கணம் தயங்கி, பிறகு மெல்ல நகரும். அந்த நகர்வு நொடிக்கு ஒரு பாரைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டால், 70இலிருந்து 200க்குப் போக இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். 150 பாரில் ஒருமுறை வால்வை மூடி, சில நிமிடங்கள் ஆறவிட்டுத் தொடருங்கள்.

இந்த நிதானத்துக்கான காரணத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் என்னை வெகுநாள் குழப்பியது இதுதான். மாலையில் 200 பார் காட்டிய சிலிண்டர் மறுநாள் காலையில் 188 காட்டும். கசிவு என்று நினைத்து ஓ-ரிங்குகளை மாற்றினேன், சோப்பு நீரில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. உண்மையில் எதுவும் கசியவில்லை. சிறிய இடத்துக்குள் வேகமாக அடைக்கப்படும் காற்று சூடாகிறது. 50 டிகிரியில் 200 பார் காட்டும் அதே காற்று 30 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 188 பார்தான் காட்டும். ஆகவே வேகமாக நிரப்புபவர் முழுச் சிலிண்டரைப் பெறுவதே இல்லை. சூடும் திடீர் அழுத்தமும் ஓ-ரிங்கையும் வால்வு இருக்கையையும் சீக்கிரம் தேய்த்துவிடுகின்றன. இரவு கடந்தபின் 188இல் நின்றுவிட்ட ஊசி அடுத்த நாளும் அங்கேயே நின்றால் கசிவில்லை என்று பொருள். தொடர்ந்து இறங்கினால் மட்டுமே ஓ-ரிங்கைத் தேடுங்கள்.

விரும்பிய அழுத்தம் வந்ததும் முதலில் பெரிய சிலிண்டரின் வால்வை மூடுங்கள். அடுத்து, வெளியேற்றும் திருகைத் திறந்து அடாப்டருக்குள் சிக்கிய காற்றை விடுங்கள். கூர்மையான ஒலியோடு காற்று வெளியேறும்போது துப்பாக்கிச் சிலிண்டரின் ஒருவழி வால்வு தானாக மூடிக்கொள்ளும். அடாப்டரின் ஊசி பூச்சியத்துக்கு வந்தபின்னரே சிலிண்டரைத் திருகி எடுங்கள். சிலிண்டர் திரும்ப மறுத்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். பலத்தைக் காட்டாமல் திருகை மறுபடியும் பாருங்கள்.

ஓ-ரிங்குகளுக்கு 90 ஷோர் கடினத்தன்மை உள்ளவற்றையே வாங்குகிறேன். சாதாரண மென்மையான ரிங்குகள் இந்த அழுத்தத்தில் பிதுங்கிவிடும். பூசுவதற்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் மெல்லிய படலமாக. வாகன கிரீஸும் இயந்திர எண்ணெயும் உயர் அழுத்தக் காற்றில் தீப்பற்றக் கூடியவை என்பதால் இந்த வேலை நடக்கும் மேசைக்கே அவற்றைக் கொண்டுவராதீர்கள்.

பின்சேர்க்கை: படித்த சிலர் கேட்டதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் வைக்கலாமா என்றால், வைக்கக் கூடாது. 30 டிகிரியில் 200 பார் இருந்தது 60 டிகிரியில் 220 பாராகிவிடும். நெடுந்தூரம் காரில் போகும் நாட்களில் 170 பாரோடு நிறுத்திக்கொண்டு, மைதானத்தில் மீதியை நிரப்புங்கள். இரண்டாவது, வாடகைச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது முழுவதும் காலி செய்ய வேண்டாம். உள்ளே சிறிது அழுத்தம் இருக்கும்வரைதான் வெளி ஈரம் உள்ளே புகாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள டைவிங் மையங்களில் வாடகைக்குக் கேட்கும்போதே எத்தனை பார் மீதம் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.